ஈயம் உருக்கும் மின்சட்டி சூடாகவில்லையா? பழுதைத் தேடும் வரிசை

ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, ஒரு மணி நேரம் கழித்தும் ஈயக் கட்டி அப்படியே கிடக்கிறது. இல்லையென்றால் போட்ட நொடியிலேயே வீடு முழுக்க மின்சாரம் போய்விடுகிறது. பெரும்பாலானவர்கள் உடனே "எலிமெண்ட் (சூடேற்றும் பாகம்) போச்சு" என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கிவிடுவார்கள். நானும் முதல் முறை அதைத்தான் செய்தேன். புது எலிமெண்டை மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றியபோதுதான், வயர் முனையில் மாட்டும் உலோகக் காதான லக்கு கருகி உதிர்ந்திருந்ததைப் பார்த்தேன். பழைய எலிமெண்டில் ஒரு குறையும் இல்லை.

அதனால் எலிமெண்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். சட்டி ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் உலோகம் விரிந்து சுருங்குகிறது, திருகுகள் தளர்கின்றன. தளர்ந்த இணைப்பில் தடை கூடுகிறது, தடை கூடினால் அந்த இடமே தனியாகச் சூடாகிக் கருகுகிறது. பழுது பெரும்பாலும் இணைப்புகளில்தான் இருக்கும்.

தொடுவதற்கு முன்

ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்கி, கண்ணில் படும்படி வையுங்கள். சட்டி முழுக்க ஆறட்டும். ஈயம் 327.5 டிகிரி செல்சியஸில் உருகும். மேலே ஆடை கட்டி உறைந்ததுபோல் தெரியும்போதும் உள்ளே திரவமாக இருக்கலாம். நான் ஒரு இரவு முழுக்க விட்டுவிடுவேன்.

சட்டியைச் சுற்றிப் படிந்திருக்கும் சாம்பல், மஞ்சள் நிறத் தூள் ஈய ஆக்ஸைடு, அதாவது நஞ்சு. ஊதித் தள்ளாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். கையுறை கட்டாயம். வேலை செய்யும் இடத்தில் சாப்பாடும் வேண்டாம், குழந்தைகளும் வேண்டாம். ஒரு லிட்டர் கொள்ளளவு ஈயமே 11 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். ஈயம் உறைந்த சட்டியைக் கவிழ்க்க வேண்டுமானால் கீழே கட்டை முட்டுக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சாயுங்கள்.

படி 1: வெளியிலிருந்து ஓர் அளவு

முதலில் அதே பிளக் பாயிண்டில் வேறொரு கருவியைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால், சட்டியின் பிளக்கில் ஃபியூஸ் இருந்தால் அதையும் பார்த்துவிட்டு, மின் அளவுகள் எடுக்கும் மல்டிமீட்டரை எடுங்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திருகியை முழுச் சூட்டில் வையுங்கள். சட்டியில் தனி ஸ்விட்ச் இருந்தால் அதையும் ஆன் நிலைக்குத் தள்ளுங்கள். பிடுங்கி வைத்த பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முள்களுக்கு இடையே ஓம் அளவு (மின்தடை) எடுங்கள். எவ்வளவு வர வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 வோல்ட், 500 வாட் சட்டிக்கு 52,900 வகுத்தல் 500, ஏறக்குறைய 106 ஓம். ஐந்தாறு ஓம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை.

மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். சரியான அளவு வந்தால் வயரைச் சட்டிக்குள் நுழையும் இடத்தில் மெல்ல வளைத்துக்கொண்டே பாருங்கள். எண் தாவினால் அங்கேதான் உள்ளே அறுந்திருக்கிறது. இரண்டு எலிமெண்ட் இணையாக ஓடும் 1000 வாட் சட்டியில் 53 ஓம் வர வேண்டிய இடத்தில் 106 வந்தால், ஒரு பாதி வேலை செய்யவில்லை. சூடாக நேரம் எடுக்கும் சட்டிகளில் இதையும் பாருங்கள்.

டிஜிட்டல் கன்ட்ரோலர் வைத்த சட்டிக்கு இந்த வெளி அளவு பொருந்தாது. எலிமெண்டின் முனைகளிலேயே அளக்க வேண்டும்.

படி 2: மூடியைத் திறப்பது

ஒரு வயரைக்கூடக் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணால் பாருங்கள். நீலம் பாய்ந்த திருகு, கருத்த லக்கு, தொட்டால் நொறுங்கும் வயர் உறை ஆகியவை இருக்கும் இடத்தில்தான் பழுது. கண்ணில் எதுவும் படாவிட்டால் பகுதி பகுதியாக அளந்துகொண்டு போங்கள்: பிளக் முள்ளிலிருந்து வயரின் மறுமுனை வரை, பிறகு தெர்மோஸ்டாட்டின் இரு முனைகள், கடைசியாக எலிமெண்ட். தெர்மோஸ்டாட் ஆன் நிலையில் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். அணைத்தால் இணைப்பு விட்டுப்போய் மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. எலிமெண்டை அளக்கும்போது அதன் ஒரு பக்க வயரையாவது கழற்றிவிடுங்கள்.

படி 3: இணைப்பைச் சரிசெய்வது

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். கருகிய வயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை பின்னுக்கு வெட்டுங்கள். எலிமெண்ட் முனையை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். நிக்கல் பூசிய அல்லது துருப்பிடிக்காத எஃகு லக்கை வயரில் நசுக்கிப் பிடிக்கவைத்து (கிரிம்ப்), வாஷர் வைத்து முறுக்குங்கள். சால்டர் வைக்கக் கூடாது. சாதாரண 63/37 சால்டர் (வெள்ளீயம் 63, ஈயம் 37 சதவீதம்) 183 டிகிரியிலேயே உருகிவிடும். வயரும் அப்படித்தான்: சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்கு மட்டுமே தாங்கும். ஃபைபர் கிளாஸ் உறை போட்ட, அதிகச் சூட்டுக்கான வயரையே கேட்டு வாங்குங்கள். இன்சுலேஷன் டேப்புக்குச் சட்டிக்குள் இடமே கிடையாது.

ட்ரிப் ஆகும் சட்டி

எம்.சி.பி. (மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் அணையும் ஸ்விட்ச்) விழுந்தால் ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் அணையும் ஸ்விட்ச்) விழுந்தால் சட்டியின் உடம்புக்கு மின்சாரம் கசிகிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த சட்டியில் இதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். குழாய் வடிவ எலிமெண்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு தூள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மல்டிமீட்டர் ஒருசில வோல்ட்டில்தான் சோதிக்கும், அதனால் இந்தக் கசிவு அதன் கண்ணில் படாமல் போகலாம். இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரால் எலிமெண்ட் முனைக்கும் சட்டி உடம்புக்கும் இடையே பார்த்தால், ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் எலிமெண்டைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் ஹீட் கன்னாலோ சூடான விளக்கின் அருகிலோ பல மணி நேரம் உலர்த்தி மறுபடி அளவு எடுங்கள். சமையல் அவனில் வைக்கவே கூடாது. ஈயம் பட்ட பொருள் அது.

அடியில் வடியும் மூக்கு உள்ள சட்டியில் இன்னொன்றையும் தேடுங்கள்: மூக்கிலிருந்து ஒழுகிய ஈயத் துளி உள்ளே ஓடி, டெர்மினலையும் உடம்பையும் இணைத்திருக்கும். சின்ன வெள்ளி மணிபோல் இருக்கும், சுரண்டி எடுத்துவிடலாம்.

ட்ரிப் ஆகாமல் இருக்க எர்த் வயரைக் கழற்றிவிடும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கசிவு அப்படியே இருக்கும், அது போக வேறு வழி இல்லாமல் சட்டியைத் தொடுபவர் உடம்பு வழியாகப் போகும்.

சூடு நிற்காமல் ஏறினால்

தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோலர் உள்ள சட்டியில் சாலிட் ஸ்டேட் ரிலே (எலிமெண்டுக்கு மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் மின்னணு ஸ்விட்ச்) கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகவே நின்றுவிடும். மின்சாரம் இல்லாதபோது அதன் வெளியீட்டுப் பக்கம் பூஜ்ய ஓம் காட்டினால் மாற்றிவிடுங்கள். சூடேற ஏற டிஸ்ப்ளே எண் இறங்கினால் சூட்டை அளக்கும் சென்சாரான தெர்மோகப்பிளின் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. சென்சார் நழுவி வெளியே வந்திருந்தாலும் சூடு ஓயாமல் ஏறும். சூடு ஏற ஏற ஈயப் புகையும் கூடும் என்பதால் இந்தப் பழுதோடு ஒரு முறைகூட ஓட்டாதீர்கள்.

மூடிய பிறகு

பிளக்கின் எர்த் முள்ளுக்கும் சட்டி உடம்புக்கும் இடையே ஒரு ஓமுக்குள் வர வேண்டும். முதல் ஓம் அளவையும் மறுபடி எடுங்கள். ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மட்டும் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் புது ஈயம் எதையும் போடாதீர்கள். பிறகு போடும்போதும் உலர்ந்ததாக இருக்கட்டும், உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் ஆவி வெடித்துத் தெறிக்கும். அந்த முதல் சூடு முடிந்து சட்டி ஆறியதும், பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்து, நீங்கள் போட்ட திருகுகளை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள். கால் சுற்றாவது உள்ளே போகும்.