மழையோடு ஹேண்ட்பேன்: தியான இசை டிராக் ஒன்றை நீங்களே செய்வது எப்படி

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். மழையோ ஓடையோ, இயற்கை ஒலி எதுவாக இருந்தாலும் அதை முதலில் தயார் செய்யுங்கள். கையால் தட்டி வாசிக்கும் எஃகுக் கருவியான ஹேண்ட்பேனை அப்புறம் வாசியுங்கள். பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். வாசித்து முடித்த பிறகு பின்னணியில் சேர்க்கிற மழை கடைசிவரை ஒட்டாமலேயே நிற்கும். மழையைக் கேட்டுக்கொண்டே வாசித்தால் கை தானாக நிதானத்துக்கு வரும், இடைவெளிகளும் சரியான இடத்தில் விழும்.

ஒலிப்பதிவு மென்பொருளில் புது டிராக் சேர்ப்பது, வெட்டி ஒட்டுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த மென்பொருள்களில் எனக்குப் பிடித்தது ரீப்பர். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஆடாசிட்டியிலும் முடியும், ஆனால் ஒலி அளவை மெல்ல ஏற்றி இறக்கும் வேலைக்கு ரீப்பர்தான் வசதி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

கருவியும் சுரமும்

ஹேண்ட்பேன் வயதில் சின்னக் கருவி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபெலிக்ஸ் ரோனரும் சபீனா ஷேரரும் 2000-ல் உருவாக்கிய ‘ஹாங்’ இதன் முன்னோடி. டிரினிடாட்டின் ஸ்டீல்பேன், நம்முடைய கடம் இரண்டின் சாயலும் அதில் உண்டு. நடுவில் புடைத்திருப்பது ‘டிங்’, அடியில் இருக்கும் துளை ‘கூ’.

தொடங்குபவர்களுக்கு டி குர்ட் (D Kurd) என்ற சுர அமைப்பைத்தான் சொல்வேன். டி (D) சுரத்தை ஸட்ஜமாக வைத்தால் நடபைரவியின் ஏழு சுரங்களும் அதில் கிடைக்கும். கையில் கருவி இல்லாதவர்கள் நல்ல சாம்பிள் தொகுப்பு (தட்டுகளின் முன்பதிவுகள்) ஒன்றை விசைப்பலகையில் வாசிக்கலாம். ஒரே தட்டு ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் விழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் ஒவ்வொரு சுரப்பரப்பும் மூன்று ஒலிகளைச் சேர்த்தே தரும்: அடிப்படைச் சுரம், அதன் மேல் ஸ்தாயி, அதற்கும் மேலே இருக்கும் பஞ்சமம். டிங்கைத் தட்டினால் சுமார் 147, 294, 440 ஹெர்ட்ஸ் மூன்றும் எழும். விரலை உடனே எடுத்துவிட்டுக் கவனித்துக் கேளுங்கள். தட்டிய சத்தம் அடங்கிய பிறகும் மேலே அந்தப் பஞ்சமம் மெல்லியதாகத் தொங்கிக்கொண்டிருக்கும், பக்கத்துச் சுரங்களும் தட்டாமலே லேசாக முனகும். இந்த இசையின் உயிர் அந்தக் கார்வைதான். இனிச் சொல்லப்போகிற எல்லாமே அதைக் காப்பாற்றுவதற்கான வேலை.

இயற்கை ஒலி

நீங்களே பதிவு செய்வது சிறப்பு. முடியாவிட்டால் ஒலிக்கோப்புகள் கிடைக்கும் ஃப்ரீசவுண்ட் தளம் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் பாருங்கள். சிசி0 (CC0, உரிமையை விட்டுக்கொடுத்தது) என்றால் தாராளமாக எடுக்கலாம், ‘வணிகமற்ற’ என்று இருந்தால் விளம்பர வருமானம் வரும் சேனலில் போடாதீர்கள்.

தூறலை எடுங்கள், கொட்டும் மழை வேண்டாம். கொட்டும் மழை எல்லா அலைவரிசையையும் ஒரே சீராக நிரப்பிவிடும், கார்வைக்கு இடமே மிஞ்சாது. தொடக்கத்தில் எனக்குப் பிடித்த ஜோடி தூறலும் சிள்வண்டும். சிள்வண்டின் ஒலி பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் ஹேண்ட்பேனோடு மோதாது.

லூப்பின் தையல்

நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது. ஒன்றரை நிமிடப் பதிவை லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப ஓட்டி, அரை மணி நேரத்துக்கு நீட்டும்போது, முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் மழை ஒரு நொடி உள்வாங்கும். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும்.

காரணம் ஃபேடின், அதாவது ஒலி மெல்ல ஏறி இறங்கும் விதத்தின், வடிவம். சாதாரண நேர்கோட்டு ஃபேடில் ஒன்று பாதி இறங்கி மற்றது பாதி ஏறும் நடுப்புள்ளியில் மொத்த ஒலி சுமார் 3 டெசிபெல் குறைகிறது. மழை போன்ற ஒழுங்கற்ற ஒலிகளுக்கு ‘சம ஆற்றல்’ ஃபேட் வேண்டும். ஆடாசிட்டியின் கிராஸ்ஃபேட் வசதியில் ‘கான்ஸ்டன்ட் பவர்’ என்று இருக்கும். ரீப்பரில் ஃபேட் கோட்டின் மேல் வலது சொடுக்கு செய்து, வெளிப்புறம் புடைத்த வளைவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு துண்டுகளும் பத்துப் பதினைந்து நொடி ஒன்றன்மேல் ஒன்று படியட்டும்.

அப்புறம், தனித்து ஒலிக்கும் எதையும் லூப்புக்குள் விடாதீர்கள். ஒரு பறவை ஒருமுறை கூவினால் அழகு. அதே கூவல் அதே இடத்தில் மூன்றாவது முறை வந்தால் கேட்பவர் எண்ணத் தொடங்கிவிடுவார். அதை வெட்டித் தனி டிராக்கில் வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் போடுங்கள்.

இரண்டு படலங்களின் நீளமும் வெவ்வேறாக இருக்கட்டும். தூறல் 97 நொடி, சிள்வண்டு 131 நொடி என்று வைத்தால், இரண்டும் ஒன்றாகத் தொடங்கும் கணம் மறுபடி வர மூன்றரை மணி நேரம் ஆகும்.

வாசிப்பும் சேர்ப்பும்

மெட்ரோனோம் வேண்டாம். இரண்டு மைக்கை கருவிக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். ஒலியின் உச்சம் -12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம்.

மழையை ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள், கம்பி உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத் வழியாகக் கேட்டால், ஹெட்ஃபோனில் வரும் உங்கள் வாசிப்பு காதுக்குத் தாமதமாக எட்டும்.

டி குர்ட்டின் அடிப்படைச் சுரங்களும் மேலொலிகளும் பெரும்பாலும் 147 முதல் 1,320 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். அதனால் மழை டிராக்கில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 400 முதல் 1,000 வரை அகலமாக மூன்று, நான்கு டெசிபெல் குறையுங்கள். மழை மழையாகவே இருக்கும், சுரம் மட்டும் முன்னால் வரும். ஹேண்ட்பேன் டிராக்கின் அடிப்பகுதியில் கை வைக்காதீர்கள், ‘கூ’ துளையின் காற்றொலி அங்கேதான் இருக்கிறது.

கம்ப்ரஸரை வைத்து, ஹேண்ட்பேன் ஒலிக்கும்போதெல்லாம் மழையைத் தானாக அமுக்கும் முறையை நான் விரும்புவதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் மழை மூச்சு வாங்கும். நீண்ட கார்வை வரும் இடங்களில் மழையை நான்கைந்து நொடியில் மெல்ல 3 டெசிபெல் இறக்கி, அது அடங்கிய பிறகு ஏற்றுங்கள். கையால் செய்தால் நேரமாகும், ஆனால் கேட்டால் வித்தியாசம் தெரியும். ரிவர்ப் (எதிரொலிச் சேர்க்கை) கொஞ்சம் போதும், கருவியே போதுமான அளவுக்கு ஒலிக்கிறது.

இறுதி அளவை -18 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அருகில் வைக்கலாம். உச்சங்களைத் தடுக்கும் லிமிட்டரை அழுத்தி சத்தத்தைக் கூட்டினால் முதலில் போவது தட்டின் மென்மை.

பின்சேர்க்கை

போனில் எடுத்த மழை பொங்கிப் பொங்கி அடங்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல ரெக்கார்டர் செயலிகள் பேச்சுக்காகவே செய்யப்பட்டவை. மழையை இரைச்சல் என்று நினைத்து அழிக்கும், அளவையும் தானே மாற்றும். இரைச்சல் நீக்கம், தானியங்கி அளவு இரண்டையும் அணைக்க முடிகிற செயலியில் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று: எம்பி3 ஆக்கியதும் மழை தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் சுழல்கிறது என்ற புகார். குறைந்த பிட்ரேட்டில் மழைதான் முதலில் கெடும். 256 கேபிபிஎஸ்ஸுக்கு (kbps) கீழே போகாதீர்கள், பதிவேற்றுவதாக இருந்தால் வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பையே கொடுங்கள்.