வீட்டில் செய்யும் ஆர்.சி. டாங்கி: சஸ்பென்ஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. டாங்கி (ராணுவ டாங்கியின் சிறு மாடல்) கட்டுகிறவர்கள் முதலில் எடுத்து வைப்பது நிஜ வண்டியின் படத்தை. ஜெர்மன் டைகர் டாங்கியில் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங்போல மீளும் எஃகுக் கம்பி) இருந்தது, அதையே போடுவோம். சோவியத் டி-34-இல் சுருள் ஸ்பிரிங் இருந்தது, அதுவே இருக்கட்டும் என்று முடிவாகிவிடுகிறது. அலமாரியில் வைக்கும் மாடலுக்கு இது போதும். நம் குமரி மாவட்டத்துச் சங்குத்துறைக் கடற்கரை மணலிலும் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலும் ஓட்டப் போகிறீர்கள் என்றால், ஓடும் தரையையும் வண்டியின் எடையையும் வைத்துத்தான் சஸ்பென்ஷனை (மேடு பள்ளத்துக்கு ஏற்பச் சக்கரம் ஏறி இறங்க வைக்கும் அமைப்பை) முடிவு செய்ய வேண்டும்.

எடையில்தான் பெரிய தவறு நடக்கிறது. 57 டன் டைகரை 1:16 அளவுக்கு (நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் 16-இல் ஒரு பங்காக) சுருக்கினால் கணக்குப்படி சுமார் 14 கிலோ வர வேண்டும். பிளாஸ்டிக், பிளைவுட், கொஞ்சம் அலுமினியம் என்று வீட்டில் செய்வது 5 கிலோவைத் தாண்டினாலே அதிகம். அதற்கு நிஜ பாரின் தடிமனை 16-ஆல் வகுத்து கம்பி வாங்கினால் அது முறுக்கவே முறுக்காது. சக்கரம் கட்டையில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 2 மி.மீ. கம்பிக்குப் பதில் 2.5 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நீளத்தைப் பாதியாக வெட்டினால் இரண்டு மடங்கு. இடப்பக்கச் சக்கரத்தையும் வலப்பக்கச் சக்கரத்தையும் நேருக்கு நேர் வரைந்துவிட்டு, கம்பி ஒன்றோடொன்று இடிக்கிறதென்று நடுவில் வெட்டுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். டார்ஷன் பார் உள்ள நிஜ டாங்கிகள் பலவற்றில் இரு பக்கச் சக்கரங்களும் கொஞ்சம் முன்பின்னாக இருப்பதே முழு அகலத்துக்கும் பார் ஓட இடம் வேண்டும் என்பதால்தான்.

ஆகவே முதலில் பேட்டரி, மோட்டார், ட்ராக் எல்லாம் சேர்த்து வண்டியைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 5 கிலோ, பக்கத்துக்கு 6 சக்கரம் என்றால் ஒரு சக்கரத்துக்குச் சுமார் 400 கிராம். அந்தச் சுமையில் சக்கரம் தன் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு மேலே போக வேண்டும். கொஞ்சமும் அசையாவிட்டால் பள்ளத்தில் சக்கரம் தொங்கி நிற்கும். முழுக்க அமுங்கிவிட்டால் முதல் கல்லிலேயே அடிப்பலகை தட்டும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைச் சக்கரக் கையின் (சக்கரத்தை அடிப்பலகையோடு இணைக்கும் தண்டின்) நடுவில் கோப்பவர்களும் உண்டு. நடுவில் வைத்தால் ஸ்பிரிங்கின் மேல் இரட்டைச் சுமை விழும் என்பது விட்டுப்போகிறது. சுருள் மொத்தமும் ஒட்டிக்கொண்டு, சஸ்பென்ஷனே இல்லாத வண்டியாகிவிடும்.

எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே ஸ்பிரிங் போடுவதும் வேண்டாம். வேகம் எடுக்கும்போது பின்பக்கம் அமுங்கும், நிறுத்தும்போது மூக்கு குத்தும். அதோடு ட்ராக் தொய்ந்து கழன்றுவிடும். முதல், கடைசிச் சக்கரங்களுக்குக் கொஞ்சம் விறைப்பு கூட்டுங்கள். துள்ளலைத் தணிக்க ஆயில் ஷாக் அப்சார்பர் போடுவதானாலும் அங்கே மட்டும் போதும். சோவியத் டி-72 டாங்கியிலும் பக்கத்துக்கு ஆறு சக்கரங்களில் 1, 2, 6-ஆம் சக்கரங்களுக்குத்தான் ஷாக் அப்சார்பர். எல்லாவற்றுக்கும் போட்டால் அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் கீழே இறங்க நேரம் கிடைக்காமல் மேலேயே நின்றுவிடும்.

டைகர்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சக்கரங்கள் பார்க்க அழகு. இரண்டு பருவமழையும் கிடைக்கிற நம் மாவட்டத்துச் செம்மண்ணில் அந்த இடைவெளி சேற்றால் அடைந்துவிடும். மழையில் ஓட்டுபவர்கள் ஒற்றை வரிசைச் சக்கரமுள்ள வண்டியையே எடுக்கலாம்.

நம் கடற்கரை மணலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட், கார்னெட் என்ற கனிமங்கள் நிறைய. கார்னெட்டை உப்புத்தாள் செய்யவே பயன்படுத்துகிறார்கள். சக்கரக் கை சுழலும் புஷ்ஷில் (உள்ளே போடும் உலோக வளையத்தில்) கிரீஸ் தடவி இந்த மணலில் ஓட்டினால் கிரீஸும் மணலும் சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். பித்தளை புஷ் முட்டை வடிவமாகத் தேயும். கிராபைட் தூள்போல உலர்ந்த மசகு போடுங்கள். இல்மனைட் காந்தத்தில் ஒட்டும் என்பதால் மோட்டாரை மூடியே வையுங்கள்.

3டி பிரின்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சடித்த சக்கரக் கைகள் 60 டிகிரி வாக்கில் இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டால் வளைந்துவிடும்.

தட்டும் இடத்தில் ரப்பர் துண்டு வைப்பது நல்லது. இங்கே ரப்பருக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும். கடற்கரையில் ஓட்டிய வண்டியை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்திவிட்டு, துருப் பிடிக்காமல் இருக்க ஸ்பிரிங்குக்குச் சிலிகான் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள்; ரப்பர் மேல் பட்டாலும் கெடாது.