பழைய ராணுவ ரைஃபிளோடு ரேஞ்சில் ஒரு நாள்: தோட்டா போடுவதிலிருந்து குழல் கழுவுவது வரை

உரிமம், ரேஞ்ச் (சுடும் பயிற்சித் திடல்) அனுமதி, துப்பாக்கியைக் கையாளும் அடிப்படைப் பாதுகாப்பு விதிகள் இவையெல்லாம் உங்களுக்கு அத்துப்படி என்று எடுத்துக்கொள்கிறேன். லீ-என்ஃபீல்ட், மோசின்-நகான்ட், மவுசர் மாதிரியான போல்ட் ரைஃபிள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்ற அடைப்பைக் கையால் இழுத்துத் தள்ளும் வகை) ஒன்று புதிதாகக் கைக்கு வந்து, அதை முதன்முறையாக வெளியே எடுத்துப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: கிளம்புவதற்கு முன்

போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். பல வருடம் கிடங்கில் கிடந்த ரைஃபிள் என்றால் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) கெட்டியான கிரீஸ் அப்பியிருக்கும். அதைச் சுரண்டாமல் கரைப்பான் போட்டுத் துடைத்து எடுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சூடேறியதும் இளகி, போல்ட்டைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போல்ட்டிலும் ரிசீவரிலும் (போல்ட் ஓடும் உடல்பகுதி) ஒரே வரிசை எண் இருக்கிறது என்பது மட்டும் போதாது. லீ-என்ஃபீல்ட் நம்பர் 4-இல் போல்ட் தலை தனியாகக் கழலும். 0 முதல் 3 வரை எண்ணிட்ட அளவுகள் உண்டு. இடையில் யாராவது மாற்றியிருக்கலாம்.

பெயரை வைத்துக் காலிபரை (தோட்டாவின் அளவு) முடிவு செய்யாதீர்கள். மவுசர் என்ற ஒரே பெயரில் ஜெர்மனிக்கு 7.92×57, ஸ்வீடனுக்கு 6.5×55, ஸ்பெயினுக்கு 7×57 என்று வெவ்வேறு காலிபரில் செய்திருக்கிறார்கள்.

படி 2: பையில் என்னென்ன

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. காதுக்கு உள்ளடைப்பான், அதன் மேல் மஃப் (காதை மூடும் கவசம்), இரண்டும் வேண்டும். இந்த ரைஃபிள்களின் சத்தத்துக்கு ஒன்று போதாது. கிளீனிங் ராட் ஒரே துண்டாக இருப்பதுதான் நல்லது. மூன்று துண்டாகத் திருகும் மலிவான ராட் குழலின் வாயைத் தேய்த்துவிடும், அதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ஒரு பிளாஸ்க் நிறைய வெந்நீர். ஏன் என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

பழைய ராணுவத் தோட்டா கொண்டுபோகிறீர்கள் என்றால் காந்தம் வைத்துப் பாருங்கள். குண்டு காந்தத்தில் ஒட்டினால் பல ரேஞ்சுகளில் அனுமதிப்பதில்லை. உள்ளே எஃகு மையம் இருந்தால் எஃகு இலக்குகள் குழிந்துபோகும்.

படி 3: தோட்டா நிரப்புவது

லீ-என்ஃபீல்டின் .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேகசினில் மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்துவிட்டால் போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது கீழ்த் தோட்டா அதைப் பிடித்துக்கொள்ளும். உதிரியாகப் போடும்போது ஒவ்வொன்றையும் சற்று முன்னால் வைத்து அழுத்துங்கள். ஐந்து தோட்டா சார்ஜர் கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு) என்றால் 1, 3, 5 ஆகியவற்றின் விளிம்பு கிளிப்பின் அடியோடு ஒட்டி, 2, 4 அவற்றுக்கு மேலே அமரட்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் வரிசை ஒன்றாகவே இருக்கும்.

மோசினிலும் விளிம்புள்ள தோட்டாதான். ஆனால் அதில் மேல் தோட்டாவைப் பிரித்து நிறுத்தும் தனி உறுப்பு இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

படி 4: சுடுவதும் சைட் (குறிபார்க்கும் உறுப்பு) திருத்துவதும்

முதல் தடவை மேகசினில் ஒரே ஒரு தோட்டா. வெளியே வந்த கேஸை (சுட்ட தோட்டாவின் காலி உறை) எடுத்துப் பாருங்கள். விரிசலோ, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையமோ தெரிந்தால் அன்றைக்குச் சுடுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? போல்ட்டைத் தொடாதீர்கள். வாய் இலக்கை நோக்கியே இருக்கட்டும், குறைந்தது அரை நிமிடம். நான் ஒரு நிமிடம் காத்திருப்பேன். பழைய பிரைமர் (தோட்டாவின் அடியில் நெருப்பு மூட்டும் பொட்டு) தாமதமாகப் பற்றுவதுண்டு. சத்தம் மட்டும் மந்தமாக வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுக் குழலைப் பாருங்கள். பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

100 மீட்டரில் குண்டுகள் இலக்குக்கு மேலே விழுகின்றனவா? பதற வேண்டாம். இந்த ரைஃபிள்களின் சைட் போர்க்களத் தூரத்துக்காக வைத்தது. லீ-என்ஃபீல்டின் லீஃப் சைட் (தூரத்துக்கு ஏற்ப உயர்த்தும் பின் சைட்) 200 கஜத்தில்தான் தொடங்கும். கருவட்டத்தின் அடியைக் குறிபார்த்துப் பழகுங்கள்.

இடம் வலம் விலகினால் முன் சைட்டை நகர்த்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு: விலகலை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். மோசின் 91/30-இல் அந்த நீளம் சுமார் 62 செ.மீ. 100 மீட்டரில் 15 செ.மீ. விலகினால் முன் சைட்டை நகர்த்த வேண்டியது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பென்சிலால் கோடு போட்டு, பித்தளைப் பஞ்ச் (தட்டும் கம்பி) வைத்து மெதுவாகத் தட்டுங்கள். ஒரு குண்டை நம்பித் திருத்தாதீர்கள். ஐந்து சுட்டு, அவற்றின் நடுவை எடுங்கள். இடையிடையே குழல் ஆறட்டும். மரம் சூடேறினால் குறியும் நகரும்.

படி 5: கழுவுவது

எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் இங்கேதான் ரைஃபிள் கெடுகிறது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த குழலில் சில நாளில் செந்துரு பூத்திருக்கும். காரணம் பிரைமர். பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகிறது, அதாவது சமையல் உப்பின் நெருங்கிய உறவு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய் அதன் மேல் படலமாகப் படியும், அடியில் அரிப்பு தொடரும்.

உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். ரேஞ்சை விட்டுக் கிளம்பும் முன்பே, போல்ட்டைக் கழற்றி, சேம்பர் பக்கமிருந்து அரை லிட்டருக்குக் குறையாமல் வெந்நீர் ஊற்றுங்கள். பிரிட்டிஷ் ராணுவம் இதற்கென்றே ஒரு புனல் கொடுத்திருந்தது. மரத்துக்குள் நீர் இறங்காமல் இருக்க நானும் புனலோடு சிறு குழாய் மாட்டித்தான் ஊற்றுகிறேன். வெந்நீராக இருந்தால் குழல் சூடேறிச் சீக்கிரம் உலரும். போல்ட் முகம், ஃபயரிங் பின் நுனி, குழல் வாய் இவற்றையும் ஈரத்துணியால் துடையுங்கள். நன்றாக உலர்த்தி, அதன் பிறகு கரைப்பான், கடைசியில் எண்ணெய்.

பின்னர் சேர்த்தது: அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் போதுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேலை செய்யும், ஆனால் அதிலுள்ள தண்ணீரால். அம்மோனியா உப்பை முறிப்பதில்லை. வெறும் வெந்நீரே என் தேர்வு.

இன்னொன்று: எஸ்கேஎஸ் மாதிரி வாயுவால் இயங்கும் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் பிஸ்டனையும் வாயுக் குழாயையும் கழற்றிக் கழுவ வேண்டும், உப்பு அங்கேயும் போகும். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், எப்போது செய்தது என்று தெரியாத தோட்டாவைச் சுட்டால் கழுவிவிடுங்கள். இரண்டு நாள் கழித்து வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் வந்தால் மறுபடி வெந்நீரிலிருந்து தொடங்குங்கள்.