கூட்டத்துக்குப் பெற்றோர் வரவில்லை என்று வருத்தப்படும் டீச்சர்களுக்கு

"எங்க ஊர்ல பெத்தவங்களுக்குப் பிள்ளைக படிப்புல அக்கறையே இல்ல டீச்சர்" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சொல்லும்போது, நான் முதலில் கேட்பது ஒன்றுதான். கூட்டத்தை எத்தனை மணிக்கு வைத்தீர்கள்? மதியம் மூன்று மணி என்பார்கள். எங்கள் பக்கத்தில் மூன்று மணிக்கு அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீஸிலோ பட்டாசு ஆலையிலோ இருப்பார்கள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாயத்தான் ஊரில் இறக்கிவிடும். நடுவில் கிளம்பினால் அன்றைய கூலி போச்சு.

நான் சாத்தூர் வட்டாரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியை. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்பு, ஆசிரியர் இரண்டு பேர். பெற்றோரை வரவைப்பது தனி வேலை அல்ல. அவர்கள் வீட்டுக் கடிகாரமும் ஊர்க் காலண்டரும் நமக்கு மனப்பாடமாக வேண்டும், அவ்வளவுதான்.

சுற்றறிக்கையில் வெள்ளிக்கிழமை மூன்று மணி என்று வந்தால் அதை நடத்தித்தான் ஆக வேண்டும், நடத்துங்கள். அதோடு பெற்றோருக்கென்று ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு ஒன்று வையுங்கள். ஞாயிறு காலை வேண்டாம். வாரம் முழுக்கச் சேர்ந்த துணி, தண்ணீர், கறிக்கடை எல்லாம் அந்த நேரத்தில்தான். சனிக்கிழமையும் வேண்டாம். சம்பள நாள், குழுக் கடன் கட்டும் நாள், யார் மனமும் பள்ளிக்கூடத்தில் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் ஆலைகளில் வேலை நெருக்கும். அப்போது யாரையும் கூப்பிடாமல், சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில நாள் மூடிக்கிடக்கும். வீடுவீடாகப் போக அதைவிட நல்ல நேரம் வருஷத்தில் கிடையாது. பங்குனிப் பொங்கலுக்குத் திருப்பூர், கோயம்புத்தூர் போன அப்பாமார் எல்லாம் ஊருக்கு வந்திருப்பார்கள். ஆண்டு விழாவை அந்த வாரத்தை ஒட்டி வையுங்கள். தன் பிள்ளை மேடையேறி நாலு வரி பேசுவதைப் பார்த்த அப்பா, மறுநாள் கையெழுத்துப் போட வரும்போது வேறு மாதிரி பேசுவார்.

வீட்டுக்குப் போவது

டீச்சர் வாசலில் வந்து நின்றால் "என்ன செஞ்சான்?" என்று பயலைத் தேடிக் கை ஓங்குகிற வீடுகள் இருக்கின்றன. புகார் சொல்ல மட்டுமே நாம் போயிருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். அதனால் முதல் முறை போகும்போது புகாரே இருக்கக் கூடாது. ஜூன், ஜூலைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல செய்தியோடு போய்வந்துவிடுங்கள். "உங்க பய நேத்து சின்னப் பிள்ளைக்குத் தட்டு கழுவிக் கொடுத்தான்மா" என்றால் போதும். நடந்ததைச் சொல்ல வேண்டும். பொதுவாக "நல்ல பையன்" என்பது அந்த அம்மாவின் காதில் ஏறாது.

கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். காலனித் தெருவில் எந்த வீட்டில் டீச்சர் உட்கார்ந்தார், எந்த வீட்டில் நின்றபடியே பேசிவிட்டு வந்தார் என்பது அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே தெரியும். கூட்டம் நடத்தும் இடத்துக்கும் இதே கணக்குதான். கோயில் மண்டபத்திலோ ஒரு தெருவுக்கு உரிய சாவடியிலோ வைத்தால் பாதி ஊர் வாசலோடு நின்றுவிடும். பள்ளி வகுப்பறையிலேயே வையுங்கள். முன்வரிசையில் நாலு பேருக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை என்று போடாதீர்கள். ஜமுக்காளம் விரித்து எல்லோரும் வட்டமாக உட்காரட்டும், நீங்களும் சேர்ந்து உட்காருங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

கரிசல் காட்டில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய. ஒன்றாம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை மந்தமான பிள்ளை என்று முடிவு கட்டும் முன், வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று போய்க் கேளுங்கள். அப்பா அம்மா வெளியூரில் இருந்தால் பிள்ளையை வளர்ப்பது ஆச்சிதான். கூட்டத்துக்கு ஆச்சியை அழையுங்கள். ரேங்க் கார்டு ஆச்சி கையில் போகட்டும்.

குறை சொல்ல வேண்டி வரும்போது

மூன்றாம் வகுப்பு முடியப்போகிறது, பிள்ளை இன்னும் எழுத்துக் கூட்டுகிறது. இதைச் சொல்லத்தான் வேண்டும். மற்ற பெற்றோர் காதுபடச் சொல்லாதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டும் சொல்லாதீர்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு பேச்சு இப்படித்தான் போகும்:

"வாங்கம்மா, உட்காருங்க. சாப்டீங்களா?"

"ஆச்சு டீச்சர். அவ வீட்ல புத்தகத்தையே எடுக்க மாட்டேங்கா டீச்சர்."

"இங்க கணக்கு நல்லா போடுதா. கூட்டல், கழித்தல் ரெண்டும் சரியா வருது. வாசிக்கதுலதான் தடுமாறுதா. தெனமும் பத்து நிமிசம் வீட்ல வாசிச்சா சரியாயிரும்."

"எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர். நான் எப்படிச் சொல்லிக் குடுப்பேன்?"

"நீங்க சொல்லிக் குடுக்க வேண்டாம்மா. ராத்திரி காய் நறுக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்க. முடிச்ச ஒடனே 'பெறகு என்ன ஆச்சு?'ன்னு மட்டும் கேளுங்க. அடுத்த மாசம் நானே வீட்டுக்கு வந்து எப்படி இருக்குன்னு சொல்லுதேன்."

பிள்ளைக்கு வருவதை முதலில் சொன்னோம். வராததை ஒரே ஒரு விஷயமாகச் சொன்னோம். அந்த அம்மாவால் முடிகிற வேலை ஒன்றைக் கொடுத்தோம். நாம் எப்போது வருவோம் என்பதையும் சொல்லிவிட்டோம். சொன்னபடி போக வேண்டும். போகவில்லை என்றால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

போனில் செய்தி அனுப்பும்போது எழுத்தில் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷத்துக்குள் குரல் பதிவாகப் பேசி அனுப்புங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். போன் அப்பா கையில், அல்லது அண்ணன் கையில் இருக்கும். அவர்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா கேட்பார். மார்க்கையும் யார் வரவில்லை என்பதையும் குழுவில் போடவே கூடாது.

சமையற்கட்டிலிருந்து வரும் செய்தி

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், பல பள்ளிகளில் அங்கே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். பிள்ளைகள் பசியாற வந்தது பெரிய விஷயம். பள்ளிக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பாதை திறந்ததையும் நான் அதே அளவுக்குப் பெரிதாக நினைக்கிறேன். விடிவதற்குள் அடுப்புப் பற்றவைத்து உப்புமாவோ பொங்கலோ கிண்டும் அந்த அம்மாவுக்கு, எந்தப் பிள்ளை இரண்டாம் முறை தட்டு நீட்டுகிறது, எது தொடாமல் வைக்கிறது, எந்த வீட்டில் ராத்திரி சண்டை என்பதெல்லாம் தெரியும். மணி அடிப்பதற்கு முன் கால் மணி நேரம் அங்கே போய் நில்லுங்கள். துருவிக் கேட்க வேண்டாம். "இன்னிக்கு யாரு சரியா சாப்பிடல?" என்று கேட்டால் போதும். வருகைப் பதிவேடு காட்டாததை அந்தப் பதில் காட்டும். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் அப்படித்தான். பேச்சு அங்கேயே நிற்க வேண்டும். ஒரு வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குப் போனால் அந்தப் பாதை அன்றோடு அடைபடும்.

பாடம் நடத்த அழையுங்கள்

அறிவுரை கேட்பதற்கே எப்போதும் கூப்பிட்டால் யார் வருவார்கள்? தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டாம் வாய்பாடு நடத்தும்போது தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் ஒரு அம்மாவை வரச் சொன்னேன். ஒரு பை நிறையக் காலிப் பெட்டி கொண்டுவந்தார். தரையில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டாக, பன்னிரண்டு வரிசை. அவர் கை போன வேகத்துக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கை பின்தங்கியது. "இதுதான் ஒரு குரோஸ். எங்களுக்கு இதை வச்சுதான் கணக்கு" என்றார். ஒரு வரிசையை எடுத்துவிட்டு மிச்சம் எத்தனை என்று கேட்டார். 132 என்று முதலில் கத்தியது அவர் மகள்தான். அந்த வகுப்பில் 12 பெருக்கல் 12-ஐ யாரும் மறக்கவில்லை.

மானாவாரிக் காட்டில் கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் விதைக்கிற தாத்தா, எந்த மழைக்கு எதை விதைப்பது என்று சொல்லலாம். கொத்தனார் அப்பா ரசமட்டத்தைக் கொண்டுவந்து காட்டலாம். முதல் நாளே போய், என்ன கேட்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் போதும். பக்கத்திலேயே இருங்கள், தடுமாறினால் ஒரு கேள்வி எடுத்துக் கொடுங்கள்.

மேலாண்மைக் குழு

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் தலைவரும் பெற்றோரில் ஒரு பெண்தான். காகிதத்தில் இதெல்லாம் சரியாக இருக்கும். கூட்டத்தில் அவருக்குப் பதிலாக வீட்டுக்காரர் வந்து பேசுவார். அதைத் தடுக்கச் சண்டை போட வேண்டாம். கூட்டத்துக்கு முதல் நாள் தலைவரின் வீட்டுக்குப் போய், நாளைக்கு என்னென்ன பேசப்போகிறோம் என்று அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள். முதல் தீர்மானத்தை அவரே சொல்லட்டும். "தலைவரம்மா சொல்லுங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள்.

தீர்மானம் புத்தகத்திலேயே தூங்கக் கூடாது. சுற்றுச்சுவர், கழிப்பறைத் தண்ணீர் போன்றவை நம் கையில் இல்லை. ஒன்றியப் பள்ளிக் கட்டடத்துக்கு ஒன்றிய அலுவலகம்தான் பொறுப்பு. அதனால் குழுத் தீர்மானத்தை கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். அங்கே டீச்சர் எழுந்து கேட்பதைவிட நாலு அம்மாக்கள் எழுந்து கேட்டால் பலன் வேறு. மனுவை இரண்டு நகலாக எழுதுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கல்விச் சீர்

இதை ஒருமுறையாவது செய்து பாருங்கள். கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோல் ஊரே பள்ளிக்குச் சீர் கொண்டுவருவது. மேளம் முன்னால் போகும். பின்னால் தாம்பாளங்களில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு மின்விசிறி, சுவர்க்கடிகாரம், எவர்சில்வர் டம்ளர், நோட்டுக் கட்டு எல்லாம் வரும். பிள்ளைகள் வாசலில் சந்தனம், கல்கண்டோடு நின்று வரவேற்பார்கள்.

அழகாக நடக்க வேண்டுமானால் வேலை முன்னாலேயே இருக்கிறது. தேவைப் பட்டியலைப் பிள்ளைகளோடும் குழுவோடும் உட்கார்ந்து எழுதுங்கள். பீரோவும் எழுதலாம், விளக்குமாறும் சாக்பீஸ் பெட்டியும் ஒரு வாளியும் எழுத வேண்டும். இல்லாத வீடும் ஒரு தட்டைத் தூக்கி நடக்க வழி அப்போதுதான் உண்டு. யார் என்ன கொடுத்தார், எவ்வளவு விலை என்று மைக்கில் வாசிக்க விடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள், பணிவாக மறுத்துவிடுங்கள். ஊர்வலம் எல்லாத் தெரு வழியாகவும் போக வேண்டும். காலனியில் தொடங்கி ஊர்த் தெரு வழியாகப் பள்ளிக்கு வருவது என் விருப்பம். வந்த பொருளை மறுநாளே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பணமாக வந்தால் ரசீது கொடுத்து, வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கொடுத்தவர்கள் வந்து விரல் வைத்து வாசிப்பார்கள், அடுத்த வருஷமும் கொடுப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து போகிறவர்களை மாற்றுச் சான்றிதழோடு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அந்த இடைவெளியில்தான் பெண் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். ஏப்ரலிலேயே பெற்றோரை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு ஆறாம் வகுப்பு உள்ள பள்ளிக்குப் போய்வாருங்கள். பஸ் நேரம் என்ன, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று அம்மாக்களே பார்க்கட்டும். அங்குள்ள தலைமையாசிரியரிடம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு வரி சொல்லுங்கள். ஜூன் இரண்டாம் வாரம் போன் போட்டு, நம் பிள்ளைகள் எல்லோரும் வருகிறார்களா என்று கேளுங்கள். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போங்கள்.