குரூஸ் பேக்கேஜில் வந்த விமானம் ஒத்துவரவில்லையா? காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, எழுபது நிறைந்து சாந்தி முடிந்த கையோடு, அவர்களையும் ஆத்தாவையும் ஒரு கப்பல் பயணம் கூட்டிப் போவதென்று நானும் தங்கச்சியும் முடிவு செய்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு பார்த்துவிட்டு, மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்கும் குரூஸ். சென்னையில் ஒரு டிராவல் ஏஜென்சியில் விமானமும் சேர்த்தே பேக்கேஜாக எடுத்தோம். பணம் கட்டி மூன்று வாரம் கழித்துத்தான் விமான விவரம் வந்தது.

போவது சென்னையிலிருந்து நடுச்சாமத்தில். காலையில் சிங்கப்பூர், அன்று மாலையே கப்பல். திரும்பும்போது கப்பல் காலை ஏழு மணிக்குக் கரைக்கு வந்துவிடும், விமானமோ இரவு பத்தரைக்கு. சென்னையில் இறங்கும்போது இரவு பன்னிரண்டு. அங்கிருந்து எங்கள் ஊர் கானாடுகாத்தானுக்கு நானூறு கிலோமீட்டர். முட்டிவலிக்காரரான அப்பச்சியை வைத்துக்கொண்டு இது நடக்கிற காரியமில்லை. எங்கள் வீட்டிலிருந்து புதுக்கோட்டை வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்களே இருக்கின்றன.

இதை மாற்றி முடிக்க ஐந்து வாரம் ஆனது. பாஸ்போர்ட், விசா எடுப்பதெல்லாம் இங்கே எழுதவில்லை, விமானத்தை மட்டும் பார்ப்போம்.

1. வீட்டு வாசலிலிருந்து நேரத்தை எழுதுங்கள்

ஏஜென்சி அனுப்பும் பிடிஎஃபைப் போனில் பார்த்துவிட்டு விடாதீர்கள். அச்சடித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதுங்கள். எக்செல் எல்லாம் வேண்டாம். பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கு இது.

எங்கள் தாளில் "மே 12, 00:40" என்று இருந்தது. நமக்குப் பொழுது விடிந்தால்தானே மறுநாள்? ஆத்தா நாள்காட்டியில் 12-ஆம் தேதியை வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் அந்த விமானத்துக்கு 11-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் 11-ஆம் தேதி விடிகாலையில் காரைக்குடியில் பல்லவன் ரயிலைப் பிடித்து, மதியம் சென்னையில் இறங்கி, ராத்திரி வரை எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். 00:00 முதல் 04:00 வரை எந்த நேரம் போட்டிருந்தாலும் பக்கத்தில் "முந்தின நாள் ராத்திரி" என்று எழுதிவிடுங்கள். இறங்கும் நேரத்தை ஒட்டி "+1" என்று சின்னதாக இருந்தால், இறங்குவது மறுநாள் என்று பொருள்.

விமான டிக்கெட்டில் இருப்பவை எல்லாம் அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அப்புறம், கப்பல் கிளம்பும் நேரம் வேறு, ஆள் ஏற்றுவதை நிறுத்தும் நேரம் வேறு. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். கணக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2. டிக்கெட் போட்டாயிற்றா, சீட்டைப் பிடித்து மட்டும் வைத்திருக்கிறார்களா?

மாற்றுவது சுலபமா கஷ்டமா என்பது இதில்தான் இருக்கிறது.

பேக்கேஜ் எண் என்று ஒன்று கொடுப்பார்கள். அது ஏஜென்சியின் கணக்கு எண், விமான நிறுவனத்துக்கு அது தெரியாது. நமக்கு வேண்டியது ஆறு எழுத்து பிஎன்ஆர். அதையும் பயணியின் குடும்பப் பெயரையும் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் "மேனேஜ் புக்கிங்" பகுதியில் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் வந்து, 13 இலக்க டிக்கெட் எண்ணும் இருந்தால் டிக்கெட் போட்டாயிற்று. மலிவுக் கட்டண விமானங்களில் இந்த 13 இலக்க எண் இல்லாமலும் இருக்கும். அங்கே பெயரும் "கன்ஃபர்ம்டு" என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் பல பேருக்குக் காலியாக இருக்கும். அப்போது முழுப் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டுப் பாருங்கள்.

ஒன்றும் வரவில்லையென்றால் அது பெரும்பாலும் குரூப் டிக்கெட். பத்துப் பேருக்கு மேல் மொத்தமாகச் சீட்டுப் பிடித்துவைத்து, பயணத்துக்குச் சில வாரம் முன்புதான் பெயர் சேர்ப்பார்கள். பெயர் சேர்வதற்குள் கேட்டுவிட்டால் வெளியே வருவது எளிது. நாங்கள் கேட்டது அந்தச் சமயத்தில்தான். ஒரு வாரம் தள்ளியிருந்தால் பணம் போயிருக்கும்.

3. விற்றவரிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்

விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை. டிக்கெட் வாங்கியவர் ஏஜென்சிக்காரர், அவர் வழியாகத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். நான் இரண்டு நாள் அதிலேயே கழித்தேன்.

கப்பல் நிறுவனத்திடமே நேராக விமானமும் சேர்த்து எடுத்தவர்கள் "ஏர் டீவியேஷன்" வேண்டும் என்று கேளுங்கள். அவர்கள் போட்ட விமானத்துக்குப் பதில் வேறு நாள், வேறு வழி கேட்பதற்கு அந்தத் துறையில் அதுதான் பெயர். டிக்கெட் போடும் முன்பே கேட்க வேண்டும். ஒரு கட்டணமும் டிக்கெட் விலையில் உள்ள வித்தியாசமும் கேட்பார்கள்.

வாட்ஸ்அப் குரல் பதிவை மட்டும் நம்பவே கூடாது. பேசினாலும், பேசி முடித்த பத்து நிமிடத்தில் "இப்போது பேசியது இது" என்று மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். நான் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"பேக்கேஜ் எண் இது, பயணிகள் நால்வர், இருவர் மூத்த குடிமக்கள். கீழுள்ளவற்றில் எது முடியும் என்று வரிசைப்படி சொல்லுங்கள். ஒன்று: திருச்சியிலிருந்து நேரடி விமானம், போக வர இரண்டுக்கும். இரண்டு: சென்னையிலிருந்தே என்றாலும் ஒரு நாள் முன்பாகப் போவது, திரும்பும்போது பகல் விமானம். மூன்று: விமானத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு கப்பலும் மற்ற ஏற்பாடுகளும் மட்டும். ஒவ்வொன்றுக்கும் கூடும் தொகை, குறையும் தொகை எவ்வளவு? எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும்?"

இப்படி வரிசை போட்டுக் கேட்டால் "முடியாது" என்ற ஒரே சொல்லில் பதில் வராது. எங்களுக்கு மூன்றாவது மட்டும் முடியும் என்று வந்தது.

4. போகும் விமானத்தில் மட்டும் ஏறாமல் விட்டுவிடாதீர்கள்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

விமானத்தை எடுத்துவிட்டால் ஆளுக்கு 14,000 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார்கள். திருச்சியிலிருந்து போக வர ஆளுக்கு 21,500 ஆனது. நான்கு பேருக்கு முப்பதாயிரம் கைவிட்டுப் போகிறது. அப்போது ஏஜென்சியில் பேசிய தம்பி ஒரு யோசனை சொன்னார்: "சார், போறதுக்கு மட்டும் நீங்க திருச்சியில போட்டுக்கங்க. எங்க டிக்கெட்டுல போகும்போது ஏறாம விட்டுடுங்க. ரிட்டர்ன் அப்படியே இருக்கும்."

கேட்க நன்றாக இருந்தது. திருச்சி டிக்கெட்டுக்குக் கார்டு எண் வரை போட்டுவிட்டேன். அப்போது முகப்பில் உட்கார்ந்திருந்த பங்காளி ஒருவர், டிக்கெட் போடும் தொழிலில் பல வருடம் இருந்தவர், "போக வர ஒரே பிஎன்ஆரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படின்னா முதல் செக்டர்ல ஏறலைன்னா நோ ஷோ. மிச்ச செக்டர் எல்லாம் தானா ரத்தாயிடும். சிங்கப்பூர்ல கவுண்டர்ல போய் நிக்கும்போதுதான் உனக்குத் தெரியும்" என்றார்.

விமான நிறுவனத்தின் விதிகளை எடுத்துப் படித்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. ஒரே டிக்கெட்டில் உள்ள பயணங்களை வரிசைப்படி பயன்படுத்த வேண்டும். முன்னாலுள்ளதை விட்டால் பின்னாலுள்ளது செல்லாது. கடைசிப் பயணத்தை விட்டால் வேறெதுவும் ரத்தாகாது, முதல் பயணத்தை விட்டால்தான் வினை. அப்பச்சியும் ஆத்தாவும் சாங்கி விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்க, டிக்கெட் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். இப்போது நினைத்தாலும் மனசு திக்கென்கிறது.

ஆகவே, போவதும் வருவதும் வேறு வேறு பிஎன்ஆரா என்று கேளுங்கள். வேறாக இருந்தால் ஒன்றை விடலாம். ஒன்றாக இருந்தால் இரண்டையும் மாற்றுங்கள், இல்லை இரண்டையும் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டதாகத் திருத்திய பில் கைக்கு வரும்வரை புது டிக்கெட் போட வேண்டாம். பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடித்திருந்தால், தொகை குறைந்த அளவுக்கு அதையும் குறைக்கச் சொல்லுங்கள். விமான டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கும்போது டிசிஎஸ் கிடையாது.

5. நாமே டிக்கெட் எடுக்கும்போது

கப்பலுக்கு முந்தின நாளே போய்விடுங்கள். கப்பல் நிறுவனம் போட்டுக் கொடுத்த விமானம் தாமதமானால், அடுத்த துறைமுகத்திலாவது கொண்டுபோய்ச் சேர்க்கப் பொதுவாக அவர்களே ஏற்பாடு செய்வார்கள். நாம் எடுத்த விமானம் என்றால் அது நம் பாடு. கப்பல் காத்திருக்காது.

எங்கள் ஐயா (தாத்தா) பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் பார்க்கப் போன காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறுவார்களாம். 1926-இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். கப்பல் நாளுக்கு இரண்டு நாள் முன்பே நாகப்பட்டினத்தில் போய்த் தங்கிவிடுவார்கள் என்று அப்பச்சி சொன்னார்கள். நாங்கள் ஒரு ராத்திரி சிராங்கூன் ரோடு பக்கம் அறை எடுத்தோம். காலையில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டு, நிதானமாகக் கப்பலுக்குப் போனோம். அன்றைக்கு ஆத்தா முகத்தில் இருந்த தெளிச்சிக்கு அந்த முப்பதாயிரம் தகும்.

விமானம் தேட கூகுள் ஃப்ளைட்ஸ் போதும். ஆனால் அதில் பார்த்துவிட்டு, வாங்குவதை விமான நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். நடுவில் ஆள் இருந்தால் மாற்றும்போது மறுபடி இதே கதைதான். ஃப்ளைட்ரேடார்24-இல் விமான எண்ணைப் போட்டால் போன ஒரு வாரத்தில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று இலவசமாகப் பார்க்கலாம். நான் மூன்று வாரம் அப்படிப் பார்த்து வந்தேன். மலிவுக் கட்டணத்தில் பெட்டிக்குத் தனிக் காசு, அதையும் கூட்டித்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

திரும்பும் விமானம் மதியம் ஒரு மணிக்கு முன் வேண்டாம். கப்பல் ஏழு மணிக்கு வந்தாலும் ஆயிரக்கணக்கானவர்கள் முறை வைத்துத்தான் இறங்க வேண்டும்.

விமானம் மாறியதை ஏஜென்சியில் இன்னொரு முறை சொல்லுங்கள். விமான நிலையத்திலிருந்து கப்பலுக்குக் கூட்டிப்போகும் வண்டி பழைய விமானத்துக்குத்தான் வந்து நிற்கும். பயணக் காப்பீட்டின் தொடக்கத் தேதியையும் ஒரு நாள் முன்னால் தள்ள வேண்டும்.

6. எதுவுமே மாற்ற முடியவில்லையென்றால்

திரும்பும் நாளில் கடைசியாக இறங்கும் கூட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முந்தின நாளே கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டால் கிடைக்கும். பெட்டிகளை சாங்கியில் பாதுகாப்பிடத்தில் விட்டுவிட்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு வரலாம். சென்னையில் நடுச்சாமத்தில் இறங்கினால் அப்படியே காரில் நானூறு கிலோமீட்டர் கிளம்பாதீர்கள். டிரைவருக்கும் தூக்கம் வரும். விமான நிலையம் பக்கம் அறை எடுத்துத் தூங்கி எழுந்து, மதியத்துக்கு மேல் பல்லவனில் வாருங்கள். தாம்பரத்திலேயே ஏறிக்கொள்ளலாம்.

விமான நிறுவனமே ரத்து செய்தாலோ, ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளினாலோ கதை வேறு. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம், ஏஜென்சி வழியாக வாங்கிய டிக்கெட்டானாலும் சரி. கேட்டும் நடக்காவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருந்தார்கள். எல்லாம் சரியாக மாற்றிவிட்டார்களாம். சிங்கப்பூர் வருகை அட்டையை மட்டும் பழைய விமான எண்ணோடு நிரப்பிவிட்டார்களாம். அதை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் போட முடியும், இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசு தளம் அல்ல. விமான எண் மாறியிருந்தால் திருத்திவிடுங்கள். கப்பலில் வேறு நாடு போய்த் திரும்பும்போது மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறோம், அதற்கு இன்னொரு அட்டை. கப்பலில் இணையம் விலை அதிகம். பினாங்கில் இறங்கியிருக்கும்போதே போனில் போட்டு முடித்துவிடுங்கள். நாங்கள் அங்கே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, அப்பச்சி பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல, நால்வருக்கும் இருபது நிமிடத்தில் முடித்தோம்.