திரில்லர் பட டைட்டில்: எங்கே சொதப்புகிறது?

திரில்லருக்கு டைட்டில், அதாவது படத் தொடக்கத்தில் பெயர்கள் வரும் காட்சித் தொகுப்பு, செய்யச் சொன்னால் பலரும் முதலில் தேடுவது கிறுக்கலான ஒரு ஃபான்ட்டைத்தான். அப்புறம் கறுப்புப் பின்னணி, நடுங்கும் எழுத்து, கொஞ்சம் ரத்தச் சிவப்பு, அங்கங்கே ஃபிலிம் கீறல். எல்லாம் இருக்கும், பயம் மட்டும் இருக்காது.

இந்தப் பாணி பரவக் காரணம் 1995இல் டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய ‘செவன்’. டைட்டிலை வடிவமைத்தவர் கைல் கூப்பர். பிளேடால் விரல்நுனித் தோலைச் சீவும் கை, நோட்டுப் புத்தகம் தைக்கும் ஊசி, கையால் கீறிய எழுத்துகள் என்று எல்லாமே குளோசப்பில் போகும். கொலைகாரனின் முகத்தைப் படத்தின் பிற்பகுதியில்தான் பார்ப்போம். ஆனால் டைட்டிலிலேயே அவன் வேலையைத் தொடங்கிவிடுகிறான். அந்தக் கீறல்கள் அவனுடைய கையெழுத்து போலத் தெரிவதால்தான் உறுத்துகின்றன. உங்கள் வில்லன் கணக்குப் பிசகாமல் திட்டம் போடுகிற, சட்டைக் கசங்கல்கூடப் பொறுக்காத ஆளா? அவன் படத்துக்குக் கீறல் எதற்கு? நேர்த்தியான, அசையாத சின்ன எழுத்தே அங்கே அதிகம் மிரட்டும்.

இதைவிடப் பெரிய தவறு, கதையை டைட்டிலிலேயே போட்டு உடைப்பது. எடிட் முடிந்த படத்திலிருந்து நல்ல ஷாட்டுகளைப் பொறுக்கிக் கோக்கும்போது இது எளிதாக நடந்துவிடும். கிளைமாக்ஸில் வரப்போகும் சாவியோ முகமூடியோ அழகாக இருக்கிறதே என்று உள்ளே வந்துவிடும். ரசிகர்கள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். படம் பார்க்காத ஒருவரிடம் டைட்டிலை மட்டும் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். கதையை ஊகித்துவிட்டால் ஏதோ ஒரு ஷாட் கூடுதல். கேள்வியே எழவில்லை என்றால் மொத்தமும் வீண்.

1960இல் ‘சைக்கோ’வுக்கு சால் பாஸ் செய்ததைப் பாருங்கள். ஆளில்லை, இடமில்லை, கத்தியில்லை. திரையைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டும் பட்டைகள், துண்டாகிச் சேர்ந்து மறுபடி துண்டாகும் பெயர்கள், பெர்னார்ட் ஹெர்மனின் தந்தி வாத்தியங்கள். கதையில் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று பிளந்து கிடக்கிறது என்ற உணர்வு வந்துவிடுகிறது.

சரி, படிக்க முடிகிறதா என்ற விஷயத்துக்கு வருவோம். ஒரு பெயர் 3 விநாடி நிற்கிறது என்று வையுங்கள். விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் 72 பிரேம். அதில் மெல்லத் தோன்றும் ஃபேட் இன்னுக்கு 12, மெல்ல மறையும் ஃபேட் அவுட்டுக்கு 12 போனால் முழுதாகத் தெரிவது 2 விநாடிதான். அதற்குள் எழுத்து நடுங்கவும் வேண்டும், பின்னால் ஒரு முகம் திரும்பவும் வேண்டும் என்றால் யார் படிப்பது? வடிவமைப்பவருக்கு அந்தப் பெயர் மனப்பாடம் என்பதால் அவருக்கு மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரியும்.

தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுத்து எழுத்தாகப் பறந்து வரும் பிரீசெட்டை (மென்பொருளில் தயாராக இருக்கும் அசைவை) தமிழுக்குப் போட்டால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனப் பிரிந்து நிற்கலாம். ‘கொலை’ என்ற தலைப்பு நடுத்திரையில் அப்படிச் சிதறினால் திகிலுக்குப் பதில் சிரிப்புதான் வரும். ஆகவே கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்து ஒரே ஷேப்பாக மாற்றிவிட்டு அசையுங்கள்.

இசையின் ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு வெட்டு வைப்பதும் பலருக்குப் பழக்கம். நான்காவது வெட்டிலேயே ரசிகருக்குத் தாளம் பிடிபட்டுவிடும். அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்தபின் பதற்றம் ஏது? ஒரு பீட்டைச் சும்மா விட்டுப் பாருங்கள், அங்கேதான் உடம்பு இறுகும். பளிச் பளிச்சென மின்னும் எஃபெக்ட்டையும் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் வைக்காதீர்கள். ஒளி மின்னலால் வலிப்பு வரக்கூடியவர்களும் படம் பார்க்க வருகிறார்கள்.

கடைசியாக, அழகியலோடு சம்பந்தமே இல்லாத ஒன்று. யார் பெயர் முதலில், எந்த அளவில், திரையில் தனியாக வரும் கார்டா, பலரோடு கூட்டமா என்பதெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். இனிஷியல், எழுத்துக்கூட்டல் உட்படப் பட்டியலைத் தயாரிப்புத் தரப்பிடம் எழுத்தில் வாங்கிவிட்டு அனிமேஷனைத் தொடங்குங்கள். ரெண்டர் (இறுதி வீடியோவாக மாற்றுவது) முடிந்த பிறகு ‘ர’வை ‘ற’ ஆக்கச் சொல்லி போன் வந்தால், அந்த கார்டைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.