சின்ன கம்பெனியா, பெரிய கம்பெனியா: ஆஃபர் லெட்டரை எப்படிப் படிப்பது?

கையில் இரண்டு ஆஃபர் இருந்தால் முதலில் அந்த சிடிசி தொகையை, அதாவது கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத்தை, ஓரமாக வைத்துவிட்டு, மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்.

பெரிய கம்பெனியில் சிடிசி வருஷத்துக்கு 6 லட்சம், அதாவது மாதம் 50,000, அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 25,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், 3,000. வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 1,200. ரேட்டிங் பார்த்துக் கொடுக்கும் வேரியபிள் பத்து சதவீதம் என்றால் 5,000. எல்லாமே அந்த ஐம்பதாயிரத்துக்குள்தான்! மிச்சம் 40,800, அதில் உங்கள் பங்கு பிஎஃப் 3,000 போனால் 37,800. சின்ன கம்பெனியில் பிடித்தமே இல்லாமல் 42,000 தருகிறேன் என்றால் அதுதான் லாபம் என்று தோன்றும், ஆனால் பெரிய கம்பெனியில் இரண்டு பங்கு பிஎஃப்பும் சேர்த்து மாதம் 6,000 உங்கள் பேரில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

20 பேர் வேலை பார்த்தால் கம்பெனி பிஎஃப்பில் பதிவு செய்வது கட்டாயம். 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உண்டு, ஆனால் 21,000-க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். அதனால் பதினைந்து பேர் உள்ள இடத்தில் 42,000-க்குச் சேர்ந்தால் இரண்டுமே கிடைக்காமல் போகலாம். மெடிக்கல் இன்சூரன்ஸ் உண்டா, அப்பா அம்மாவுக்கும் சேர்த்தா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

என் முதல் வேலை கோயம்புத்தூரில், மொத்தமே பதினான்கு பேர். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதலாளி "போயிட்டு வா தம்பி, இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றார், அவ்வளவுதான் லீவு. கிளையன்ட்டிடம் நேராகப் பேசக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். ஆனால் ஒன்றாம் தேதி வர வேண்டிய சம்பளம் பன்னிரண்டு, இருபது என்று தள்ளிப்போய், ஒரு மாதம் இரண்டு தவணையாக வந்தது. வீட்டு வாடகையோ ஐந்தாம் தேதி. வேலை அவ்வளவு பிடித்திருந்தும் ஒன்றரை வருஷத்தில் விட்டுவிட்டேன்.

அதனால் சின்ன கம்பெனி என்றால் அங்கே வேலை பார்க்கும் ஒருவரை டீக்கடையில் பிடித்து, போன மூன்று மாதம் சம்பளம் எந்தத் தேதியில் ஏறியது என்று கேளுங்கள். பிஎஃப்பை நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ அமைப்பின் இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தேடினால், பதிவு செய்த இடமாக இருந்தால், எந்த மாதம் எத்தனை பேருக்கு பிஎஃப் பணம் கட்டினார்கள் என்றும் தெரியும்.

பெரிய கம்பெனியில் சம்பளத் தேதி பற்றிக் கவலையில்லை, ஆனால் மேனேஜர் சரியில்லை என்றால் எந்தப் பெயரும் காப்பாற்றாது. யாருக்குக் கீழே, எந்த ஷிஃப்ட், வேலையை விட நோட்டீஸ் 90 நாளா, இதெல்லாம் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், சின்ன இடத்தில் முதலாளி 'ஆறு மாதத்தில் சம்பளத்தை ஏற்றித் தருகிறேன்' என்றால், சரி சார், அதை லெட்டரிலேயே ஒரு வரி போட்டுக் கொடுங்கள் என்று சொல்லி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.